கோமதியின் தோள்

போன வாரத்திலிருந்து என் வலது கை தலைக்குமேல் போக மாட்டேன் என்கிறது. தலை பின்ன முடியவில்லை. பின்னுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம். பேத்தி விடவில்லை, ஆட்டோவில் ஏற்றி, பிசியோதெரபி செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே இருந்த பெண்ணுக்கும் அவள் வயதுதான் இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேலைத் தலைப்பை விலக்கி, தோளில் விரலை வைத்து அமுக்கினாள். "அம்மச்சி, இவிடே வேதனையுண்டோ?" என்றாள். வேதனை இருந்தது. ஆனால் அவள் விரல் வைத்த இடம் சரியில்லை. "கொஞ்சம் பின்னால போ மோளே, எலும்பு முனைக்குக் கீழே" என்றேன். பேத்தி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். எழுபது வயதுக்குமேல் வாயை மூடிக்கொண்டு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விரலை நகர்த்தினாள். நல்ல கை. சூடான, கூச்சமில்லாத கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலி என்று நினைத்து அவள் அமுக்குவதை நிறுத்திவிட்டாள். வலியெல்லாம் இல்லை. கோமதி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை அந்தப் பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்கிறதல்லவா.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். அரிசி கிடைக்காமல் திருவனந்தபுரமே மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தது. நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துவிட்டு, கிழக்கேகோட்டைக்குள் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் ஒருவரிடம் சேர்ந்தேன். டாக்டர் மலையாளி, சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எலும்பு, மூட்டு இவற்றில்தான் அவருக்குப் பிரியம். டிஸ்பென்சரி இருந்தது அக்ரகாரத் தெரு ஒன்றின் முனையில். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். உள்ளே நுழைந்தால் வின்டர்கிரீன் தைல வாசனை மூக்கைத் துளைக்கும். அந்த வாசனை என் சேலையில் ஏறி, எத்தனை துவைத்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெதுவாக அடுத்த பெஞ்சுக்கு நகர்வார்கள். இப்படி இருந்தால் இவளை எவன் கட்டுவான் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் எனக்கு வாய்த்த மனுஷனுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. கர்த்தர் கிருபை.

அக்ரகாரத்துப் பெண்கள் ஆண் டாக்டரிடம் நாக்கை நீட்டுவார்கள். நாடி பார்க்கக் கையை நீட்டுவார்கள். தோளைக் காட்ட மாட்டார்கள். டாக்டருக்கும் அதில் சங்கடம்தான். அதனால் உள்ளறை வாசலில் கட்டம் போட்ட ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம். உள்ளே நானும் நோயாளியும். வெளியே தெருவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு டாக்டர். தொடுவது நான், யோசிப்பது அவர். "சிஸ்டரே, மேலே உள்ள மஸில் எங்ஙனெ?" என்று குரல் வரும். "இளைச்சுப் போயிருக்கு சார், குழி விழுந்திருக்கு" என்பேன். "தொட்டால் முறுகுமோ?" என்பார். "முறுகுது சார்." இப்படியே ஒரு தோளைக் கண்ணால் பார்க்காமல் முழுவதும் படித்துவிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் என் விரல் பொய் சொன்னால் அவர் கெட்டிக்காரத்தனம் ஒரு சல்லிக்கு உதவாது என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கை எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க ஒரு கருவி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானியை எடுத்து, அதன் நடுவில் இரண்டு பித்தளைப் பட்டைகளை ஆணியடித்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு கொல்லனிடம் செய்து வாங்கியது. ஒரு பட்டை உடம்போடு, மற்றது கையோடு. கை தொங்கினால் பூஜ்யம். பக்கவாட்டில் நேராக நீட்டினால் தொண்ணூறு. காதை ஒட்டி உயர்ந்து நின்றால் நூற்றெண்பது. கேட்க எளிதாக இருக்கிறதா? தோள் பெரிய கள்ளன். மூட்டு இறுகிக் கிடந்தாலும், முதுகுப் பக்கம் இருக்கிற தோள்பட்டை எலும்பு வழுக்கி மேலே ஏறி, கை தூக்கிவிட்டது மாதிரி காட்டிவிடும். அதனால் ஒரு கையால் அந்த எலும்பின் கீழ்முனையை அசையாமல் பிடிக்க வேண்டும், ஒரு கையால் நோயாளியின் கையைத் தூக்க வேண்டும், இன்னொரு கையால் கோணமானியைப் பிடிக்க வேண்டும். எனக்கு ஆண்டவர் கொடுத்தது இரண்டு. மோவாயால் பித்தளைப் பட்டையை அமுக்கிக்கொண்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்பேன். அந்தக் கோலத்தை டாக்டர் பார்க்காமல் இருந்ததற்கும் திரைதான் காரணம்.

கோமதி தன் மாமியாரோடு வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் கட்டுப் போட்டு வெகுநாள் அசையாமல் வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது. இவள் பேசவில்லை; மாமியார்தான் பேசினாள். "ஆனி மாசம் இவ மாமனார் திவசம் வரது. எனக்கோ முதுகு நிமிரலை. மடியா சமைக்கறது இவதான். மடிப் பொடவையெ ஒலத்தணும்னா கை மேலே பொங்கணுமே. பொங்கமாட்டேங்கறது, கேட்டயா."

அந்த வீடுகளில் மடி என்பது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். குளித்துவிட்டு, யார் கையும் படாமல் துவைத்து உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டுதான் சமைக்க வேண்டும். யார் கையும் படாமல் இருக்க, கூரையை ஒட்டி ஒரு மூங்கில் கொடியைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரமான ஒன்பது கஜத்தை ஒரு நீளக் கோலால் தூக்கி அதன்மேல் போட்டு, கோலாலேயே விரித்துவிட வேண்டும். கை காதை ஒட்டி மேலே போகாவிட்டால் அது நடக்காது. திவசத்துக்குச் சமைக்க முடியாத மருமகள் அந்த வீட்டில் எதற்கு? மாமியாரும் அதை ஒளிக்கவில்லை. "சுகமாகலேன்னா நான் என்ன பண்றது. கல்லிடைக்குறிச்சியிலே என் தம்பி பொண்ணு ஒருத்தி இருக்கா" என்றாள், கோமதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கஷாயத்துக்கு என்ன பத்தியம் என்று கேட்கிற அதே குரலில். அன்றைக்கு ஒருவன் இரண்டு பெண்களைக் கட்டிக்கொண்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கோமதிக்குக் குழந்தையும் இல்லை.

உள்ளே அழைத்துப்போய் ரவிக்கைத் தோளை இறக்கினேன். என் விரல் போய்ச் சேரும் முன்பே சதை கல்லாக இறுகியது. பயந்த தோள் அப்படித்தான், வலிக்கு முன்னாலேயே தயாராகிவிடும். "நான் ஒண்ணும் செய்யல்லே பிள்ளே, சும்மா வச்சிருக்கேன்" என்று உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே டாக்டர் தும்மினார், பொடி போடுகிறவர். தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. மெல்ல மெல்ல சதை விட்டுக்கொடுத்தது. மேல்தசை வற்றி, எலும்பு முனை தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. கோணம் பார்த்தேன். "அம்பது சார்" என்றேன். திரைக்கு அப்பாலிருந்து டாக்டர் 'ச்சு' கொட்டினார்.

அரை மணி நேரம் உப்பு ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, தோளை இளக்கி அனுப்பினேன். வாசல்படி இறங்கும்போது மாமியார் மருமகளிடம் சொன்னாள். "ஆத்துக்குப் போனதும் நேரே கெணத்தடி. தலையோட குளிச்சுட்டு உள்ளே வா." என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. எங்க சம்பிரதாயமாக்கும்" என்றாள். நான் தொட்டதற்குத்தான் குளியல். மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒத்தடச் சட்டியை நங்கென்று வைத்தேன். "நான் சூடு வச்சு இளக்கி விடுதேன், அவங்க பச்சத்தண்ணிய ஊத்தி இறுக்குதாங்க. என்னத்துக்கு சார் இந்தப் பாடு?" என்று டாக்டரிடம் கத்தினேன். அவர் நிதானமாகப் பொடியை உறிஞ்சிக்கொண்டு, "கிணத்திலே கப்பி உண்டோ? வெள்ளம் ஆரு கோருந்நு?" என்று கேட்டார். யார் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று கேட்கிற நேரமா இது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த முறை விசாரித்தேன். கிணற்றுக்குமேலே உயரத்தில் கயிறு ஓடும் கப்பி இருந்தது. கோமதி இடது கையாலேயே இழுத்து, பல்லால் கயிற்றைக் கடித்து நிறுத்தி, எப்படியோ இறைத்துக்கொண்டிருந்தாள். திரைக்கு அப்பாலிருந்து டாக்டரின் உத்தரவு வந்தது. இரண்டு கையையும் கயிற்றில் வைக்க வேண்டும். கயிறு மேலே போகும்போது வலது கையும் அதோடு கூடப் போகட்டும், அவசரப்பட வேண்டாம். எந்த இங்கிலீஷ் வைத்தியனும் தோளுக்குச் சொல்கிற பயிற்சி அதுதானாம். ஆக, நான் தொட்டதற்காக அவள் குளித்தாள், குளிப்பதற்காகத் தண்ணீர் இறைத்தாள், இறைத்து இறைத்தே தோள் இளக ஆரம்பித்தது. என் தீட்டே மருந்தாகிவிட்டது. டாக்டர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. கோமதி சிரித்த பிறகுதான் எனக்கும் வந்தது.

ஆமாம், அவள் சிரிக்கக்கூடியவள். மாமியார் வாசலில் உட்கார்ந்திருக்க, உள்ளே வந்ததும் வேறு பெண்ணாகிவிடுவாள். என்னை அக்கா என்பாள். சர்ச்சில் என்ன பாடுவீர்கள், மீன் நாறாதா, சட்டையில் ஏன் இத்தனை பித்தான் என்று நச்சரிப்பாள். ஒருநாள் என் கையைப் பார்த்து, "ஒங்க கை எப்பவும் சூடா இருக்கே அக்கா" என்றாள். தைலம் தேய்க்கிற கை அப்படித்தான் இருக்கும் என்றேன். "எங்காத்துல என்னெ யாரும் தொடறதில்லே. விழுந்த அன்னிக்கு அவர் தூக்கிண்டு வந்தார். அப்பறம் இல்லே." வீட்டில் புளி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவள் புருஷன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தே நடக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு அன்று தேய்ப்பதை நிறுத்த மனம் வரவில்லை.

தொண்ணூறு தாண்டியது. அதற்குமேல் நகர மறுத்தது. வைகாசி பிறந்துவிட்டது. ஒருநாள் கோணமானி திடீரென்று மேலே ஓடியது. ஆனால் என் பெருவிரலுக்கு அடியில் தோள்பட்டை எலும்பும் ஓடியது. "கோமதி, எலும்ப ஏத்தாதே" என்றேன்.

"ஏத்தலை அக்கா."

"பின்ன என் வெரலுக்குக் கீழ ஓடுதே, அது என்ன எலியா?"

சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அழுதாள். "நூத்தி நாப்பதுன்னு ஒறக்கச் சொல்லிடுங்கோளேன். வாசல்ல அவா காதுல விழட்டும்."

"நம்பரச் சொன்னா பொடவை கொடியில ஏறுமா பிள்ளே?" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, "நூறு சார்" என்று திரைக்கு அப்பால் கேட்கும்படி உள்ளதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஏமாற்றவில்லை. வீட்டில் மூன்று வேளையும் தண்ணீர் இறைத்தாள். தொட்டியை நிரப்பி, பக்கத்து வீட்டுத் தொட்டியையும் நிரப்பினாளாம்.

வைகாசி முடியும்போது, "நாளைக்குக் காலம்பற கொல்லைப் பக்கமா வாங்கோ அக்கா" என்றாள். போனேன். கொல்லைச் சந்து வழியாக, என்னை அனுமதித்த இடமாகிய முருங்கை மரம் வரை போய் நின்றேன். கோமதி குளித்து, புடவையைப் பிழிந்து, பின்தாழ்வாரத்துக் கொடிக்குக் கீழே நின்று கோலை எடுத்தாள். பின்கட்டில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். ஈர ஒன்பது கஜம் லேசான கனமா? முதல் தடவை கொடியின் விளிம்பில் பட்டுக் கோலிலேயே சரிந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் நான் என் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், நான் தூக்கினால் அவளுக்கு ஏறும் என்பது போல. இரண்டாம் தடவை அவள் உடம்பைச் சாய்க்கவில்லை, எலும்பை ஏற்றவில்லை. கை காதருகே போயிற்று. புடவை கொடியில் விழுந்தது. கோலால் கடைசிவரை விரித்துவிட்டாள். மாமியார் அழுதுவிட்டாள். "போறும்டீ, போறும்" என்று தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பொல்லாதவளாக இருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். நானும் அழுது, தைலக் கையாலேயே கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் சந்து முழுக்கத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தேன்.

திவசம் நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். தோள் சுகமாகிவிட்டதால் கோமதி வரவில்லை. மழை தொடங்கி, ஓய்ந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒருநாள், துணைக்கு வந்த வேலைக்காரியை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "தோள் வலிக்கறது" என்றாள். விரலை வைத்துப் பார்த்தேன். சதை உருண்டு திரண்டு நன்றாக இருந்தது, தொட்டால் இறுகவில்லை. கையைத் தூக்கினேன். காதை ஒட்டிப் போயிற்று. அமுக்கிப் பார்க்க வேண்டிய இடமெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லியே கோமதி" என்றேன் மெதுவாக.

அப்போதுதான் சொன்னாள். கை கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த நாளிலேயே மாமியார் தன் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாளாம். கை சுகமானபின் அதைத் திருப்பி வாங்க முடியவில்லை. கூடப்பிறந்தவனிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் கல்யாணம் முடிந்துவிட்டது. இங்கே என்னிடம் வந்து தோளைக் கொடுத்துக்கொண்டு, பயந்து பயந்து டிகிரி ஏற்றிய அத்தனை நாளும் அது முடிந்துபோன விஷயம். இவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. "சின்னப் பொண்ணு அக்கா. குள்ளம். அவளுக்குக் கொடி எட்டல்லே. அவ பொடவையெயும் நான்தான் தெனம் ஒலத்தறேன்" என்றாள். நான் இளக்கிக் கொடுத்த தோள் அதற்குத்தான் பயன்பட்டது. தோளில் இருந்து கையை எடுக்கப் போனேன். "கொஞ்ச நேரம் எடுக்காதேங்கோ" என்றாள்.

"சிஸ்டரே, எத்ர?" என்று திரைக்கு அப்பாலிருந்து டாக்டர் கேட்டார்.

"நூறு சார்" என்றேன்.

பொடி டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "எங்கில் அடுத்த ஆழ்ச்சயும் வரட்டே" என்றார். அவருக்குப் புரிந்ததா என்று நான் கேட்டதில்லை. அந்தப் பொய்க்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. மேலே போனபின் ஆண்டவர் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். ஒவ்வொரு வாரமும் வந்தாள். வலிக்காத தோளை நான் தேய்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு வீட்டுக்குப் போய், கொட்டுகிற மழையிலும் கிணற்றடியில் தலையோடு குளிப்பாள். கொஞ்ச நேரம் ஒரு கை தோளில் இருப்பதற்கு அந்தக் குளிரையெல்லாம் தாங்கினாள்.

மறு வருஷம் சின்னவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோமதி வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு சாயங்காலம் தெருவில் எதிரே பார்த்தேன். குழந்தை அவள் வலது தோளில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்தே தோளைக் கண்ணால் காட்டிச் சிரித்தாள். வலி போய்விட்டது என்று அர்த்தம். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

குழந்தை நடக்கத் தொடங்கிய சமயம் புருஷனுக்குக் கோட்டயத்துக்கு மாற்றலாயிற்று. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்டாட்டி என்றால் சின்னவள். கிழவியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. கோமதி இங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் வந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், குழந்தை தலை சாய்க்கிற இடத்தில் வைத்தாள். "இங்கே அக்கா" என்றாள். அங்கே அமுக்கினேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். தோள் மட்டும் என் கைக்குக் கீழே குலுங்கிக்கொண்டிருந்தது. திரைக்கு அப்பால் டாக்டர் "சிஸ்டரே" என்று தொடங்கினார். பிறகு எத்தனை என்று கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போனேன். டாக்டர் காலமானார். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தத் தெருவில் தேடினேன். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் பாத்திரக்கடை. கோமதியின் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டியிருந்தார்கள். கிணற்றை மூடி அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். கிழவி போய்ச்சேர்ந்த பிறகு கோமதி கல்லிடைக்குறிச்சிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். காசிக்கு என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அப்படி ஒருத்தி இருந்ததே ஞாபகமில்லை.

கூரைக் கொடிகள் போய்விட்டன. ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பது சட்டத்தில் போய்விட்டது. என்னைத் தொட்டதற்காகக் குளித்தவர்கள் வீட்டுக் குழந்தைகள் இன்று என் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லாம் போனது நல்லதுதான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கோமதி இருந்தால் அவளுக்கும் எழுபது ஆகியிருக்கும். இப்போது அவள் தோளில் யார் கை வைத்தாலும் யாரும் கிணற்றடிக்குப் போக வேண்டியதில்லை. வைப்பதற்கு ஒரு கை அவளுக்குக் கடைசிவரை கிடைத்ததா என்றுதான் தெரியவில்லை.